தனி உள்ளாட்சி இல்லாத ஊர்: நியூயார்க் லெவிட்டவுனின் வரலாறும் இயல்பும்

1. முன்னுரை

பல ஆண்டுகளுக்கு முன் தஞ்சை மாவட்டத்திலிருந்து என் இல்லத்துக்கு வந்திருந்த பெரியப்பா, மாலை நடையின்போது ஒரு வினா எழுப்பினார்: "ஏம்ப்பா, உங்க ஊருக்குப் பிரசிடெண்ட் யாரு?" அமெரிக்க நாட்டின் தலைவரைப் பற்றியன்று, ஊராட்சித் தலைவரைப் பற்றியே அவர் கேட்டார். எங்கள் ஊருக்கு அப்படி ஒருவரும் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. சாலைகள் செப்பமாக இருந்தன, விளக்குகள் எரிந்தன, குப்பை குறித்த நாளில் அகற்றப்பட்டது. "பிரசிடெண்ட் இல்லாம இதெல்லாம் யார் பண்றா?" என்றார். நியூயார்க் நகரத்துக்குக் கிழக்கே, லாங் ஐலண்டின் புறநகர்களில் வாழ்வோரில் மிகப் பலர் இந்த வினாவுக்கு உடனே விடை சொல்ல இயலாதவர்கள். அன்று நானும் அவர்களுள் ஒருவன்.

இக்கட்டுரை அந்த வினாவுக்கு ஓர் ஊரின் வரலாற்றைக் கொண்டு விடை காண முற்படுகிறது. எடுத்துக்கொண்ட ஊர் லாங் ஐலண்டின் நாசோ கவுண்டியில் உள்ள லெவிட்டவுன். 1947க்கும் 1951க்கும் இடையில் ஒரே நிறுவனம் 17,447 வீடுகளை எழுப்பி உருவாக்கிய இக்குடியிருப்பு, அமெரிக்கப் புறநகரின் மூலப்படிவமாகப் பாடநூல்களில் இடம்பெறுகிறது. வீடுகளின் ஒரேமாதிரித் தன்மையைப் பற்றியும் விரைவுக் கட்டுமானத்தைப் பற்றியும் எழுதப்பட்டவை மிகுதி. ஐம்பதாயிரம் மக்களைக் கொண்ட இவ்வூருக்கு இன்றுவரை மேயரோ மன்றமோ இல்லை என்பது பெரும்பாலும் அடிக்குறிப்பாகவே நின்றுவிடுகிறது. அதுவே இங்கு மையப் பொருள்.

தமிழில் இதனைப் பேசுவதில் ஒரு சொல் இடர்ப்பாடு உண்டு. சோழர்காலக் கல்வெட்டுகளில் 'ஊர்' என்னும் சொல் குடியிருப்பையும், அக்குடியிருப்பை நிருவகித்த அவையையும் ஒருங்கே குறித்தது. ஊர் கூடி முடிவெடுத்தது, ஊர் நிலம் விற்றது, ஊர் வரி பிரித்தது. இடமும் அவையும் ஒரே சொல்லுக்குள் அடங்கிய மொழியில், இடம் உண்டு, அவை இல்லை என்னும் நிலையைக் குறிக்க வழக்கில் ஒரு சொல் இல்லை. ஆகவே 'தனி உள்ளாட்சி இல்லாத ஊர்' என்னும் விளக்கத் தொடரையே கையாள்கிறேன்.

அவை இல்லாத இடத்தில் ஆட்சி இல்லாமற் போவதில்லை. அது வேறு கைகளுக்கு, குறிப்பாகத் தனியார் ஒப்பந்தத்துக்கும் ஒற்றைப் பணிக்கென அமைந்த சிறப்பு மாவட்டங்களுக்கும், இடம்பெயர்கிறது. அவ்வாறு இடம்பெயர்ந்த அதிகாரம் யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே நிறுத்துவது என்பதைத் தீர்மானித்தபோது, அதைக் கேள்வி கேட்பதற்கு ஒரு மன்றம் இல்லாமற் போயிற்று. இதுவே கட்டுரையின் வாதம்.

2. நிலமும் சட்டமும்

நாசோ கவுண்டி 1899இல் குவீன்ஸ் கவுண்டியிலிருந்து பிரிந்து உருவானது. இதில் ஹெம்ஸ்டெட், நார்த் ஹெம்ஸ்டெட், ஆய்ஸ்டர் பே என்னும் மூன்று டவுன்களும், கிளென் கோவ், லாங் பீச் என்னும் இரு நகரங்களும் அடங்கும். நியூயார்க் மாநிலச் சட்டத்தில் 'டவுன்' என்பது சிற்றூரன்று. அது கவுண்டியின் பெரும் நிலப்பிரிவு. நகரங்கள் நீங்கலாகக் கவுண்டியின் நிலம் முழுதும் ஏதேனும் ஒரு டவுனுக்குள் அடங்கும். டவுனுக்குள் வாழும் மக்கள் விரும்பினால் வாக்கெடுப்பின் வழி 'வில்லேஜ்' என்னும் தனி உள்ளாட்சியை அமைத்துக்கொள்ளலாம். அவ்வாறு அமைத்துக்கொள்ளாத குடியிருப்புகள் 'ஹாம்லெட்' எனப் பேச்சுவழக்கில் அழைக்கப்படும். ஆனால் அச்சொல்லுக்கு மாநிலச் சட்டத்தில் ஆட்சித்தகுதி எதுவும் கிடையாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை புள்ளிவிவரத்துக்காக அவற்றுக்கு எல்லை வரைந்து கொடுக்கிறது. அவ்வளவே.

ஹெம்ஸ்டெட் டவுனில் 22 வில்லேஜ்கள் உள்ளன. எஞ்சிய பகுதி முழுவதும் ஹாம்லெட்களால் ஆனது. 2020 கணக்கெடுப்பின்படி அந்த டவுனின் மக்கள்தொகை ஏறத்தாழ 7,93,000. ஆக, பல அமெரிக்க மாநகரங்களைவிடப் பெரிய மக்கள்தொகைக்கு ஒரே டவுன் வாரியம்.

லெவிட்டவுன் ஏன் வில்லேஜ் ஆகவில்லை? இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் லாங் ஐலண்டின் வட கரையில் பெருஞ்செல்வர்களின் மாளிகைப் பகுதிகள் பல வில்லேஜ்களாகத் தம்மை அமைத்துக்கொண்டன. சாண்ட்ஸ் பாயிண்ட் 1910இலும், ஓல்ட் வெஸ்ட்பரி, கிங்ஸ் பாயிண்ட் ஆகியவை 1924இலும் அவ்வாறு ஆயின. அவர்கள் பெற்ற முதன்மையான உரிமை நிலப்பயன்பாட்டைத் தாமே வரையறுக்கும் அதிகாரம். சிறு மனைகளும் அடுக்குமாடிகளும் தம் எல்லைக்குள் வாராமல் தடுக்க அது போதுமானதாக இருந்தது. 1938இல் நடைமுறைக்கு வந்த நாசோ கவுண்டிச் சாசனம் இந்த வாயிலை அடைத்தது. அதன்பின் புதிதாகத் தோன்றும் வில்லேஜ்களுக்கு நிலப்பயன்பாட்டு அதிகாரம் கிடையாது என்றாயிற்று. அந்த அதிகாரம் இன்றி வில்லேஜ் ஆவதன் கவர்ச்சி குறைந்தது. சாசனத்துக்குப் பிறகு நாசோவில் தோன்றிய வில்லேஜ் அட்லாண்டிக் பீச் ஒன்றே (1962).

லெவிட்டவுன் பிறந்தது 1947இல். செல்வர்கள் உள்ளே சென்று கதவை அடைத்த ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, உழைக்கும் மக்களின் ஊர் அந்த வாயிலுக்கு வந்து சேர்ந்தது.

3. உருளைக்கிழங்கு வயலில் ஓர் ஊர்

இன்றைய லெவிட்டவுன் அமைந்துள்ள நிலம் ஹெம்ஸ்டெட் சமவெளி என்னும் புல்வெளியின் பகுதி. மரங்கள் அரிதான அப்பரப்பில் ஒரு மரத்தொகுதி மட்டும் கடலிடைத் தீவுபோலத் தோன்றியதால் அவ்விடம் 'ஐலண்ட் ட்ரீஸ்' எனப் பெயர் பெற்றது. பின்னர் அது உருளைக்கிழங்கு விளையும் பூமியாயிற்று. 1941இல் அருகிலுள்ள ஹிக்ஸ்வில் பகுதியில் உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் பொன்னிற நூற்புழு கண்டறியப்பட்டது. அமெரிக்காவில் அது முதன்முறையாகக் காணப்பட்டது அங்கேதான். விளைச்சல் குன்றிய உழவர்கள் நிலத்தை விற்க முன்வந்தனர்.

வாங்கியவர்கள் லெவிட் அண்ட் சன்ஸ் நிறுவனத்தார். தந்தை ஏபிரகாம், மகன்கள் வில்லியம், ஆல்ஃபிரட். வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் போர்க்காலத் தொழிலாளர்க்கு வீடு கட்டிய பட்டறிவு அவர்களுக்கு இருந்தது. போர் முடிந்து இலட்சக்கணக்கான படைவீரர்கள் திரும்பியபோது நாடு கடும் வீட்டுப் பஞ்சத்தில் இருந்தது. 1934இல் தொடங்கிய கூட்டாட்சி வீட்டுவசதி நிருவாகத்தின் கடன் காப்பீடும், 1944ஆம் ஆண்டின் படைவீரர் மறுவாழ்வுச் சட்டமும் சேர்ந்து சிறு வருவாயினருக்கும் வீட்டுக்கடனைச் சாத்தியமாக்கின.

1947 மே மாதம் 2,000 வாடகை வீடுகள் பற்றிய அறிவிப்பு வெளியாயிற்று. மாத வாடகை 60 டாலர். ஆனால் ஹெம்ஸ்டெட் டவுனின் கட்டடவிதி ஒவ்வொரு வீட்டுக்கும் நிலவறை வேண்டும் என்றது. லெவிட் நிறுவனமோ நிலவறையின்றி, வெந்நீர்க் குழாய்கள் பதித்த கான்கிரீட் தளத்தின்மேல் வீடு எழுப்பத் திட்டமிட்டது. அம்மாத இறுதியில் டவுன் வாரியம் கூடியபோது படைவீரர்களும் அவர்தம் குடும்பத்தினரும் பெருந்திரளாக வந்து நின்றனர். விதி திருத்தப்பட்டது. இந்நிகழ்வு கட்டுமான வரலாற்றில் அடிக்கடி சுட்டப்படுவது. உள்ளாட்சி வரலாற்றிலும் அதற்கு இடம் உண்டு. ஊர் பிறக்கும் முன்னரே அதன் மக்கள் டவுன் வாரியத்தின்முன் ஒரு திரளாக நின்றனர். அதன்பின்னும் அவர்கள் அங்கே திரளாக மட்டுமே நிற்க முடிந்தது. அவர்கள் சார்பில் அமர ஓர் இருக்கை இல்லை.

1947 அக்டோபரில் முதற் குடும்பங்கள் குடிபுகுந்தன. 60 அடிக்கு 100 அடி மனையில் 750 சதுர அடி வீடு. கட்டும் வேலை இருபத்தேழு படிகளாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு குழுவும் ஒரே வேலையை வீடு வீடாகச் செய்துகொண்டே நகர்ந்தது. உச்ச காலத்தில் ஒரே நாளில் முப்பதுக்கும் மேற்பட்ட வீடுகள் முடிந்தன. மரத்துக்காக நிறுவனம் கலிஃபோர்னியாவில் தனக்கென அறுவை ஆலை வைத்திருந்தது. 1949இல் வந்த 'ராஞ்ச்' வகை வீட்டின் விலை 7,990 டாலர்.

4. கட்டுநர் ஆட்சி

1948இன் தொடக்கத்தில் ஐலண்ட் ட்ரீஸ் என்னும் பெயர் லெவிட்டவுன் என மாற்றப்பட்டது. குடியிருந்தோரில் பலர் அதை விரும்பவில்லை. ஆனால் பெயர்மாற்றத்தை வாக்குக்கு விட ஓர் அவை இல்லை. கட்டியவர் பெயரே ஊரின் பெயராயிற்று. பழைய பெயர் ஒரு பள்ளி மாவட்டத்தின் பெயராக மட்டும் எஞ்சியது. அந்த மாவட்டம் பிற்பாடு நாடறிந்த பெயரானது ஒரு வழக்கினால் என்பதைக் கீழே காண்போம்.

ஊரின் அன்றாட ஒழுங்கை வகுத்தவை வாடகை ஒப்பந்தமும் விற்பனைப் பத்திரமும் ஆகும். வேலி போடலாகாது. புல்தரையை வாரந்தோறும் வெட்ட வேண்டும். துணியைச் சுழலும் கொடியில்தான் உலர்த்த வேண்டும், அதுவும் விடுமுறை நாள்களில் கூடாது. வில்லேஜ் ஒன்றில் இவை மன்றம் விவாதித்து இயற்றும் விதிகளாக இருந்திருக்கும். எதிர்த்துப் பேசலாம், அடுத்த தேர்தலில் மாற்றலாம். இங்கோ அவை ஒரு நிறுவனத்தின் வழக்கறிஞர் எழுதிய பத்திரத்தின் பத்திகள். ஒப்பமிடுவதா இல்லையா என்பதே குடிமகனுக்கு எஞ்சிய ஒரே வாக்கு.

அதே நிறுவனம் நீச்சல் குளங்களையும் விளையாட்டுத் திடல்களையும், கடைகள் சூழ்ந்த சதுக்கங்களையும் அமைத்தது. மனைதோறும் பழமரங்கள் நட்டது. ஏபிரகாம் லெவிட் உள்ளூர் இதழில் தோட்டக்கலை பற்றி எழுதினார். முதல் தலைமுறையினரின் நினைவில் இந்த நிறுவனம் நன்றியோடு நிற்பதற்குக் காரணம் உண்டு. நகரத்தின் நெருக்கமான அறைகளிலும், பெற்றோர் வீட்டின் ஒரு மூலையிலும் குழந்தையுடன் காலந்தள்ளியவர்களுக்குச் சொந்தக் கூரை கிடைத்தது. இந்த நன்மையைக் குறைத்துச் சொல்வது வரலாறாகாது. ஆனால் அந்தப் பத்திரத்தின் வேறொரு பத்தியைச் சொல்லாமல் விடுவதும் வரலாறாகாது.

5. இருபத்தைந்தாம் பிரிவு

வாடகை ஒப்பந்தத்தின் 25ஆம் பிரிவு, வெள்ளை இனத்தவர் அல்லாதார் வீட்டைப் பயன்படுத்தவோ அதில் வசிக்கவோ குடியிருப்பவர் இடந்தரலாகாது என்றது. வீட்டுப் பணியாளராக வருவோர்க்கு மட்டும் விலக்கு இருந்தது. வேலை செய்ய வரலாம், குடியிருக்க வரலாகாது என்பதே அதன் பொருள்.

இது ஒரு நிறுவனத்தின் தனிவிருப்பம் மட்டுமன்று. கடன்களுக்குக் காப்பீடு வழங்கிய கூட்டாட்சி நிருவாகம் இத்தகைய கட்டுப்பாடுகளை நெடுநாள் ஊக்குவித்து வந்தது. 1948 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில், இனக் கட்டுப்பாட்டு உடன்படிக்கைகளை நீதிமன்றங்கள் வழியாக நிறைவேற்ற இயலாது எனத் தீர்ப்பளித்தது. 1949இல் லெவிட் ஒப்பந்தத்திலிருந்து அப்பிரிவு நீக்கப்பட்டது. எழுத்து நீங்கிற்று, வழக்கம் நீங்கவில்லை. கறுப்பினத்தவர்க்கு நிறுவனம் வீடு விற்கவில்லை.

லெவிட்டவுன்வாசிகளுள்ளேயே இதை எதிர்த்தோர் இருந்தனர் என்பதைப் பதிவுசெய்ய வேண்டும். அவர்கள் ஒரு குழுவாகக் கூடிப் பாகுபாட்டுக்கு முடிவு கட்டக் கோரினர். கறுப்பினக் குழந்தைகளைத் தம் வீட்டில் விளையாட அழைத்த இரு குடும்பங்களின் வாடகை ஒப்பந்தத்தை நிறுவனம் 1950இல் புதுப்பிக்க மறுத்தது. 1950களின் தொடக்கத்தில் ஒரு கறுப்பினக் குடும்பம் உள்வாடகையாகக் குடிபுகுந்தபோது அதுவும் வெளியேற்ற நடவடிக்கைக்கு உள்ளாயிற்று. 1960 கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை 65,276. கறுப்பினத்தவரின் பங்கு ஆயிரத்துக்கு ஒருவர் என்ற அளவைக்கூட எட்டவில்லை. அரை நூற்றாண்டுக்குப் பின், 2010 கணக்கெடுப்பிலும் அது நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவர்தான்.

உள்ளாட்சி வரலாற்றாசிரியனுக்கு இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் எழுகிறது. ஒரு நகர மன்றம் இப்படியொரு விலக்கைச் செய்திருந்தால் தீர்மானப் புத்தகம் இருக்கும். முன்மொழிந்தவர் யார், எதிர்த்து வாக்களித்தவர் யார் என்று தெரியும். லெவிட்டவுனில் எந்த மன்றமும் எதையும் தீர்மானிக்கவில்லை. பதினேழாயிரம் வீடுகளின் விலக்கு, தனித்தனியாக ஒப்பமிடப்பட்ட பத்திரங்களில் பரவிக் கிடந்தது. யாரும் விதி இயற்றவில்லை, ஆனால் விதி இருந்தது. ஒவ்வொருவரும் வீடு மட்டுமே வாங்கினர், ஆனால் அனைவரும் சேர்ந்து ஒரு வெள்ளையர் ஊரை வாங்கினர். பொறுப்பு இவ்வாறு சிதறியதால் பிற்காலத்தில் அதை ஏற்கவும் எவரும் முன்வர வேண்டியிருக்கவில்லை.

6. சிறப்பு மாவட்டங்களும் பள்ளி வாரியமும்

பெரியப்பாவின் வினாவுக்கு இனி விடை சொல்லலாம். காவல் நாசோ கவுண்டியுடையது. கட்டட அனுமதியும் நிலப்பயன்பாடும் ஹெம்ஸ்டெட் டவுனுடையவை. குடிநீர் மாவட்டத்தை நடத்துவதும் டவுனே. தீயணைப்புக்குத் தன்னார்வலர்களைக் கொண்ட தனித் துறை. நூலகத்துக்கு ஒரு மாவட்டம், பள்ளிக்கு ஒரு மாவட்டம். ஒவ்வொன்றுக்கும் தனி எல்லை, தனி வரி. இவ்வெல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவதுமில்லை. லெவிட் கட்டிய வீடுகளிற் சில ஹிக்ஸ்வில், ஈஸ்ட் மெடோ, வான்டா ஆகிய பள்ளி மாவட்டங்களைச் சேர்ந்தவை. லெவிட்டவுன் என்னும் அஞ்சல் முகவரியும் அப்பெயர் கொண்ட பள்ளி மாவட்டமும் ஒன்றல்ல.

டவுன் வாரியத்தில் இவ்வூரின் குரல் எவ்வளவு? இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை வாரிய உறுப்பினர் அனைவரும் டவுன் முழுவதற்குமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களிடையே ஒரு ஹாம்லெட் தன் உறுப்பினர் என்று ஒருவரைச் சுட்ட முடியாது. இம்முறை மாறியதும் லெவிட்டவுனின் முயற்சியால் அன்று. ஹெம்ஸ்டெட் வில்லேஜைச் சேர்ந்த டோரதி கூஸ்பி முதலான கறுப்பின வாக்காளர்கள் 1988இல் தொடுத்த வழக்கில், இத்தேர்தல் முறை வாக்குரிமைச் சட்டத்தை மீறுவதாக 1997இல் தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டிலும் அது உறுதியானபின் டவுன் ஆறு தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. லெவிட்டவுன் எந்த மக்களை விலக்கி வைத்ததோ அம்மக்களின் போராட்டத்தாலேயே லெவிட்டவுன்வாசிக்கும் தன் தொகுதிக்கென ஓர் உறுப்பினர் கிடைத்தார்.

எஞ்சியது பள்ளி மாவட்டம். ஊரார் தம் பக்கத்துவீட்டாரையே தேர்ந்தெடுத்து அமர்த்தும், பெருந்தொகை வரி விதிக்கும், ஆண்டுதோறும் வரவுசெலவை வாக்குக்கு விடும் அமைப்பு அது ஒன்றே. குழந்தைகள் மிக்க ஊரில் பள்ளிகள் பெருகின, வரியும் பெருகிற்று. ஊரில் பேச வேண்டிய அனைத்தும் பள்ளி வாரியத்திலேயே பேசப்பட்டன. 1950களின் நடுவில், லிங்கனின் இறுதி ஊர்வல ரயிலைப் பொருளாகக் கொண்ட 'தி லோன்சம் ட்ரெயின்' என்னும் இசைப்படைப்பைப் பள்ளியில் பயன்படுத்தலாமா என்பதில் ஊர் இரண்டுபட்டது. அதன் ஆசிரியர்களுக்குப் பொதுவுடைமைத் தொடர்பு உண்டு என்பது எதிர்ப்பாளர்களின் குற்றச்சாட்டு. பாட்டு ஒரு சாக்கு. பனிப்போர்க் கால அமெரிக்காவைப் பற்றி விவாதிக்க அவ்வூரில் வேறு மேடை இல்லை.

7. 1982 ஜூன்: இரு தீர்ப்புகள்

லெவிட்டவுன் என்னும் ஊரின் இயல்பை விளக்க 1982 ஜூன் மாதத்தைவிடத் தக்க காலம் இல்லை. அம்மாதத்தில் இவ்வூரின் இரு பள்ளி மாவட்டங்கள் இரு பெரும் தீர்ப்புகளுக்குப் பெயர் கொடுத்தன.

முதலாவது, லெவிட்டவுன் பள்ளி மாவட்டம் மாநிலக் கல்வித் துறைக்கு எதிராக 1974இல் தொடுத்த வழக்கு. நைக்விஸ்ட் வழக்கு என அது அறியப்படும். 27 பள்ளி மாவட்டங்கள் வாதிகளாக நின்றன, நியூயார்க் முதலான பெருநகரங்களும் இணைந்தன. பள்ளிச் செலவு சொத்துவரியைச் சார்ந்திருப்பதால் சொத்துவளம் குறைந்த மாவட்டங்களின் குழந்தைகள் வஞ்சிக்கப்படுகின்றனர் என்பது வாதம். லெவிட்டவுனுக்கு இது பிறவிக்குறை. சிறு வீடுகளே நிறைந்த ஊரில் வரி தரும் பெருந்தொழில் இல்லை. ஊரார் பலர் வேலைக்குச் சென்ற பெத்பேஜின் கிரம்மன் விமான ஆலை மாவட்ட எல்லைக்கு வெளியே இருந்தது. உழைப்பு எல்லை தாண்டிப் போயிற்று, வரி எல்லை தாண்டி வரவில்லை. 1978இல் விசாரணை நீதிமன்றம் வாதிகளுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஆனால் மாநிலத்தின் உச்ச மன்றமான மேல்முறையீட்டு நீதிமன்றம் 1982இல் அதை மாற்றியது. ஏற்றத்தாழ்வு உண்டு, ஆயினும் அது அரசியலமைப்புக்கு முரணன்று, அடிப்படையான தரமான கல்வியே மாநிலத்தின் கடமை என்றது. தோற்ற வழக்கில் வகுக்கப்பட்ட அந்த அளவுகோலே, 1995, 2003 ஆகிய ஆண்டுகளில் நியூயார்க் நகரக் குழந்தைகளுக்கான வழக்கில் வெற்றிக்கு அடிப்படையாயிற்று.

இரண்டாவது, ஐலண்ட் ட்ரீஸ் பள்ளி மாவட்டம் எதிர் பிக்கோ. 1975இல் ஒரு பெற்றோர் அமைப்பின் மாநாட்டில் கிடைத்த பட்டியலைக் கொண்டு, அவ்வாரியம் 1976இல் பள்ளி நூலகங்களிலிருந்து நூல்களை அகற்றியது. ஸ்டீவன் பிக்கோ என்னும் மாணவரும் உடன்பயின்ற நால்வரும் 1977இல் வழக்குத் தொடுத்தனர். 1982இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், கருத்துப் பிடிக்கவில்லை என்பதற்காகவே நூலக நூல்களை அகற்ற வாரியத்துக்கு வரம்பற்ற உரிமை இல்லை என்னும் திசையில் முடிவு செய்தது. ஐவரும் ஒரே காரணத்தில் உடன்படாததால் அதன் சட்ட வலிமை பற்றிய விவாதம் இன்றும் தொடர்கிறது. மறு விசாரணைக்குச் செல்லாமல், அவ்வாண்டு ஆகஸ்டிலேயே வாரியம் நூல்களைத் திருப்பி வைத்தது.

அகற்றப்பட்ட நூல்கள் எவை என்பது நம் வாதத்துக்கு இன்றியமையாதது. கர்ட் வானிகட், பெர்னார்ட் மாலமூட் ஆகியோரின் நாவல்கள் அவற்றுள் உண்டு. கூடவே ரிச்சர்ட் ரைட்டின் தன்வரலாறு, எல்டிரிட்ஜ் கிளீவரின் சிறைக் கட்டுரைகள், ஆலிஸ் சில்ட்ரெஸின் நாவல், கறுப்பின எழுத்தாளர்களின் சிறுகதைத் திரட்டு, ஹார்லெமில் வளர்ந்த போர்ட்டோ ரிக்கோ வழிவந்த பிரி தாமஸின் நினைவுக்குறிப்பு ஆகியவையும் இருந்தன. வாரியத்தார் கூறிய காரணங்கள் மொழிநயம், ஒழுக்கம், சமயம் பற்றியவை. இனத்தை அவர்கள் காரணமாகச் சொல்லவில்லை. ஆயினும் ஓர் உண்மை எஞ்சுகிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன் பத்திரத்தால் தடுக்கப்பட்டவர்கள் இவ்வூருக்குள் வந்து சேர்ந்த ஒரே வழி பள்ளி நூலகத்தின் அலமாரி. அந்த அலமாரியிலும் அவர்களுக்கு இடம் உறுதியாக இல்லை.

இம்முறை ஒரு வேறுபாடு இருந்தது. நூல்களை அகற்றியது தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் அவை. அதற்குத் தீர்மானம் இருந்தது, வாக்குக் கணக்கு இருந்தது, பொறுப்பானவர்களின் பெயர்கள் இருந்தன. ஆகவே பதினேழு வயது மாணவனால் அதை நீதிமன்றத்துக்கு இழுக்க முடிந்தது. 25ஆம் பிரிவின் முன் கையறு நிலையில் நின்றவர்களுக்கு வாய்க்காதது இது.

8. இரு சகோதர ஊர்கள்

இதே நிறுவனம் 1952 முதல் பென்சில்வேனியாவின் பக்ஸ் கவுண்டியில் இரண்டாம் லெவிட்டவுனைக் கட்டியது. அதுவும் தனி உள்ளாட்சி இல்லாதது. மூன்று டவுன்ஷிப்களிலும் டல்லிடவுன் என்னும் ஒரு பரோவிலும் பிரிந்து கிடக்கிறது. 1957இல் மையர்ஸ் என்னும் கறுப்பினக் குடும்பம் அங்கு வீடு வாங்கிக் குடிபுகுந்தபோது நாள்கணக்கில் கூட்டம் திரண்டு கல்லெறிந்தது. உள்ளூர்க் காவல் போதாமல் மாநிலக் காவலர் வர வேண்டியிருந்தது.

நியூ ஜெர்சியில் எழுந்த மூன்றாம் லெவிட்டவுன் வேறு. அது ஏற்கெனவே இருந்த வில்லிங்பரோ டவுன்ஷிப்பின் எல்லைக்குள் அடங்கியதால் குடிவந்தோரே அதன் ஆட்சியாளர் ஆயினர். 1959இல் ஊரின் பெயர் லெவிட்டவுன் என மாறியது, 1963இல் மக்கள் வாக்களித்து வில்லிங்பரோ என்னும் பழம்பெயரையே மீட்டனர். ஹெர்பர்ட் கான்ஸ் அங்கே குடியிருந்து ஆய்வு செய்து 1967இல் வெளியிட்ட நூல் புறநகர்ச் சமூகவியலில் இன்றும் அடிப்படை நூல். நியூ ஜெர்சியின் பாகுபாட்டுத் தடைச் சட்டம் 1960இல் அம்மாநில உச்ச நீதிமன்றத்தால் உறுதிசெய்யப்பட்டதால் அங்கே கறுப்பினத்தவர்க்கும் வீடுகள் விற்கப்பட்டன. அந்த மாற்றத்துக்கு முதற்காரணம் மாநிலச் சட்டமே, உள்ளாட்சி அன்று. பெயரை மீட்டது மட்டும் உள்ளாட்சியின் வேலை. ஐலண்ட் ட்ரீஸ் மக்கள் 1948இல் விரும்பியும் செய்ய இயலாததை வில்லிங்பரோ மக்கள் ஒரு வாக்குச்சீட்டால் செய்தனர்.

9. முடிவுரை

லெவிட்டவுனின் ஒரேமாதிரி வீடுகளைக் கண்டித்த லூயிஸ் மம்ஃபோர்ட் முதலானோரின் அச்சம் பொய்த்துவிட்டது. மாடி எழுப்பியும் முகப்பு மாற்றியும் குடியிருந்தோர் தம் வீடுகளை மாற்றிக்கொண்டனர். மாறாத லெவிட் வீட்டைக் காண்பது இன்று அரிது. வீட்டை மாற்றும் உரிமை ஒவ்வொருவருக்கும் இருந்தது. ஊரை மாற்றும் கருவி ஒருவருக்கும் இருக்கவில்லை. மாறிய வீடுகளும் மெல்ல மட்டுமே மாறிய மக்கள்தொகையும் அருகருகே நிற்பதே இவ்வூரின் இயல்பு.

அவை இருந்தால் மட்டும் நீதி வந்துவிடும் என்று நான் வாதிடவில்லை. வட கரையின் வில்லேஜ்கள் தம் மன்றங்களைக் கொண்டே ஏழைகளை விலக்கின. நம் கல்வெட்டுகளின் ஊரவையும் நிலமுடையோர் அவையே. இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் தீண்டாச்சேரி தனியே குறிக்கப்படுகிறது. ஊர் என்னும் அழகிய சொல்லுக்கு வெளியே சேரி என்னும் சொல் நின்றதை அறிந்த நமக்கு 25ஆம் பிரிவு புரியாத பொருளன்று. அவை செய்யும் அநீதிக்குச் சாட்சியம் எஞ்சும், பத்திரம் செய்யும் அநீதி சாட்சியமின்றிக் கரையும் என்பதே நான் சுட்ட விழையும் வேறுபாடு.

1965 குடிவரவுச் சட்டத்துக்குப் பின் அமெரிக்கா வந்த தமிழரில் பெரும்பகுதியினர் இத்தகைய புறநகர்களையே நாடினர். இன்று லெவிட்டவுனுக்கு அடுத்துள்ள ஹிக்ஸ்வில் தெற்காசியக் கடைவீதியாக மாறியிருக்கிறது. நல்ல பள்ளியைத் தேடி வீடு வாங்கும் நாம், அப்பள்ளி மாவட்டத்தின் எல்லை ஏன் அங்கே வரையப்பட்டது என்று கேட்பதில்லை. நமக்குத் திறந்த கதவு யாருக்கு அடைபட்டிருந்தது, அதைத் திறக்க எவர் வழக்காடினர் என்பதை அறியாமலேயே நம் பிள்ளைகள் வளர்கின்றனர். பள்ளி வாரியத் தேர்தலன்று நம்மவர் எத்தனை பேர் வாக்குச்சாவடிக்குச் செல்கிறோம் என்பதையும் இங்கு கூடியுள்ளோர் எண்ணிப் பார்க்கலாம்.

நூலகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். தனி உள்ளாட்சி இல்லாத ஊருக்கு நகர ஆவணக்காப்பகமும் இல்லை. லெவிட்டவுனின் நினைவைக் காத்தவை அதன் பொது நூலகமும் உள்ளூர் வரலாற்றுச் சங்கமும் ஆகும். பழைய வாடகை ஒப்பந்தங்களும் செய்தித்தாள் நறுக்குகளும் அத்தகைய இடங்களில் காக்கப்படாவிட்டால் 25ஆம் பிரிவு வெறும் வதந்தியாகியிருக்கும். புறநகர்களில் இயங்கும் நம் தமிழ்ச் சங்கங்களின் கூட்டக் குறிப்புகளும், கோயில் கட்ட இசைவு கேட்டு டவுன் வாரியத்துக்கு எழுதிய விண்ணப்பங்களும், வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளின் பதிவேடுகளும் இன்று வீட்டு நிலவறைகளில் உள்ளன. அவற்றை உள்ளூர் நூலகத்தில் சேர்ப்பது நம் தலைமுறை செய்யத்தக்க பணி.

"பிரசிடெண்ட் இல்லாம இதெல்லாம் யார் பண்றா?" என்ற வினாவுக்கு என் பெரியப்பா உயிரோடிருந்த காலத்தில் நான் சரியாக விடை சொல்லவில்லை. பலர் செய்கிறார்கள், ஆனால் அவர்களுள் பெரும்பாலோரை நாங்கள் பெயர் சொல்லி அழைக்க முடியாது என்பதே அந்த விடை.